ஒரே கால்சியம், பத்து மதகு

மருந்தியல் வகுப்புகளில் எப்போதாவது ஒரு மாணவர் எழுந்து கேட்டுவிடும் கேள்வி இது. கேட்டதும் வகுப்பு சிரிக்கும், கேட்டவரும் அசடு வழிந்துகொண்டே உட்கார்ந்துவிடுவார். கேள்வி இதுதான்: ரத்தக் கொதிப்புக்காகத் தாத்தா தினமும் காலையில் ஒரு அம்லோடிபின் போட்டுக்கொள்கிறார். அது கால்சியம் சேனலை அடைக்கும் மருந்து. மூளையில் ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லுக்குச் சேதி அனுப்புவதே கால்சியம் சேனல் திறப்பதால்தான். அப்படியானால் மாத்திரை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் தாத்தா பேச்சு மூச்சில்லாமல் சாய வேண்டாமா? அவரோ காபி ஆறிவிட்டதென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாரே, எப்படி?

உண்மையில் இது சிரிக்க வேண்டிய கேள்வியே இல்லை. முழு விடை கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் தவளை இதயம், நட்சத்திர மீன் முட்டை, கடல் நத்தையின் விஷம், சிலந்தி விஷம், முயல் தசை என்று ஒரு மிருகக்காட்சி சாலையே வந்து போனது. அந்த விடையை நம்பி இன்று சில குழந்தைகளின் உயிரும் இருக்கிறது.

முதலில் தவளை. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், உடலிலிருந்து எடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் போட்டுத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசல் தயாரித்தவர் காய்ச்சி வடித்த தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறார்! வடித்த தண்ணீரில் செய்து பார்த்தால் இதயம் நின்றுபோகிறது. லண்டன் தண்ணீரில் கலந்திருந்த கால்சியம்தான் காரணம் என்று 1883-ல் ரிங்கர் எழுதினார். (நம் ஊர் போர் தண்ணீரில் செய்திருந்தால் அந்தத் தவளை இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்.)

செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் அளவு, உள்ளே இருப்பதைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு. செல் படாத பாடுபட்டு உள்ளே வரும் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. ஏரி முட்ட முட்ட நிறைந்திருக்கிறது, கீழே வயல் காய்ந்து கிடக்கிறது, நடுவில் ஒரு மதகு. மதகை ஒரு மில்லிசெகண்ட் தூக்கினாலே போதும், திறந்த இடத்தில் கால்சியம் மளமளவென்று ஏறிவிடும். சேனல் என்பதைப் பாடப் புத்தகங்களில் கால்வாய் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கால்வாய் எப்போதும் திறந்தேதான் கிடக்கும். இது அப்படியில்லை, மின்னழுத்தம் மாறினால் திறந்து மூடும். மதகு என்று சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் இருந்திருக்காது.

நரம்பு செல்லின் நுனியில் இந்த மதகு திறந்து கால்சியம் உள்ளே பாய்ந்தால்தான், அங்கே குட்டிக் குட்டிப் பைகளில் காத்திருக்கும் வேதிப்பொருள் வெளியே கொட்டும். அடுத்த செல்லுக்குச் சேதி போவது இப்படித்தான். இதை பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலெடியும் 1960-களில் காட்டினார்கள். காட்ஸுக்கு 1970-ல் நோபல் பரிசும் கிடைத்தது. 1967-ல் டாட்ஜும் ரஹமிமாஃபும் தவளையின் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் அளந்து பார்த்து இன்னொன்று சொன்னார்கள்: வெளியே கொட்டும் அளவு, கால்சியத்தின் நான்காம் அடுக்குப்படி ஏறி இறங்குகிறது. அதாவது கால்சியம் பாதியானால் சேதி பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். இவ்வளவு நுட்பமான இடத்தில் போய் 'சேனல் அடைப்பான்' என்று ஒரு மாத்திரையை எப்படி அனுமதித்தார்கள் என்று அந்த மாணவர் கேட்டது நியாயம்தானே?

மதகு ஒன்றல்ல, பல. அதுதான் விடை. ஆனால் அதைக் கண்டுபிடித்த கதை நேர்க்கோட்டில் போகவில்லை.

1975-ல் சுசுமு ஹகிவாராவும் அவர் கூட்டாளிகளும் நட்சத்திர மீன் முட்டையில் இரண்டு விதமான கால்சியம் ஓட்டத்தைப் பார்த்தார்கள். மூளையில் எதுவும் இருக்கலாம், ஒரு முட்டைக்கு எதற்கு இரண்டு விதம்? அப்போது பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. 1981-ல் ரோடோல்ஃபோ யினாஸும் யோசெஃப் யாரோமும் மூளைத் தண்டில் உள்ள நியூரான்களில் ஒன்று லேசான அழுத்தத்திலும் மற்றொன்று பலமான அழுத்தத்திலும் திறப்பதைக் கண்டார்கள். பிறகு 1985-ல் மார்த்தா நொவிக்கி, ஆரன் ஃபாக்ஸ், ரிச்சர்ட் சியன் மூவரும் கோழிக் குஞ்சின் நரம்பு செல்லில் மூன்று விதம் இருப்பதாக எழுதிப் பெயரும் வைத்தார்கள். நீண்ட நேரம் திறந்திருப்பது எல். சட்டென்று திறந்து மூடும் சின்னது டி. மூன்றாவது இரண்டிலும் சேராதது, ஆங்கிலத்தில் நெய்தர் என்பதன் முதல் எழுத்தை எடுத்து என் என்று வைத்துவிட்டார்கள்! நியூரான் என்பதற்கும் அதே எழுத்து என்பதால் மானம் தப்பித்தது. (இந்த ரிச்சர்ட் சியனின் தம்பிதான் 2008-ல் ஒளிரும் புரதத்துக்காக வேதியியல் நோபல் வாங்கிய ரோஜர் சியன். கால்சியம் இருக்குமிடத்தை ஒளியாகக் காட்டும் சாயங்களை உருவாக்கியவரும் அவரே. அண்ணன் மதகைப் பார்த்தார், தம்பி தண்ணீரைப் பார்த்தார்.)

மின்சாரத்தை அளந்து பெயர் வைப்பது வேறு, அது தனிப் பொருள்தான் என்று நிரூபிப்பது வேறு. அங்கேதான் நத்தை உள்ளே வருகிறது.

பால்டொமெரோ ஒலிவேரா அமெரிக்காவில் டி.என்.ஏ. ஆராய்ச்சி பழகிவிட்டு சொந்த நாடான பிலிப்பைன்ஸுக்குத் திரும்பியபோது, அங்கே அதைத் தொடரக் கருவிகள் இல்லை. கையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தார். கடற்கரையில் கூம்பு நத்தை கிடைத்தது. மீனைக் குத்தி நொடியில் மரத்துப்போகச் செய்யும் நத்தை, சில இனங்கள் மனிதரையே கொல்லும். நம் மன்னார் வளைகுடாவிலும் கூம்பு நத்தைகள் பல இனங்கள் உண்டு, அழகான ஓடு என்று கையில் எடுத்துவிடாதீர்கள். பின்னர் ஒலிவேரா யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கிரெய்க் கிளார்க் என்ற மாணவர், விஷத்தைப் பிரித்து ஒவ்வொரு கூறாக எலியின் மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தால் என்ன என்று கேட்டார். ஒன்று எலியைத் தூங்கவைத்தது, ஒன்று ஓடவைத்தது, ஒன்று கிடுகிடுவென்று நடுங்கவைத்தது. அந்த நடுக்க விஷம்தான் ஒமேகா கோனோடாக்சின். அது அடைத்தது என் வகை மதகை! பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்துவிட்டு அதே ஆய்வகத்துக்கு வந்த மைக்கேல் மக்கின்டாஷ் என்ற பையன், வேறொரு நத்தையிலிருந்து அதே குடும்பத்து விஷம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அது சிகோனோடைடு என்ற வலி மருந்தாகி 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்ஃபினுக்கும் அடங்காத வலிக்கு, முதுகுத்தண்டு நீரில் நேரடியாகச் செலுத்த வேண்டும். வேறு வழியில் கொடுக்க முடியாது. பக்க விளைவுகளும் கடுமைதான், மனக்குழப்பம் வரை போகும். ஆனாலும் என் வகை மதகை மட்டும் அடைத்தால் வலிச்சேதி நிற்கும் என்பதை ஒரு நத்தை சொல்லிக் கொடுத்துவிட்டது.

நத்தை விஷத்துக்கும் அசையாத சேனல் சிறுமூளையின் பர்கின்ஜி செல்களில் இருந்தது. அதை 1989-ல் யினாஸ் குழு சிலந்தி விஷத்தால் மடக்கியது. அதற்கு பி என்று பெயர். பக்கத்து செல்களில் கொஞ்சம் மாறுபட்டு நடந்துகொண்டது க்யூ. எந்த விஷத்துக்கும் மருந்துக்கும் மசியாமல் மிச்சம் நின்றது ஆர். மிச்சம் என்பதே பெயர்க் காரணம். பெயர் வைக்கும் கலையில் இவர்கள் யாரும் தேற மாட்டார்கள்.

இதற்குள் ஜப்பானில் ஷோசாகு நூமாவின் குழு 1987-ல் முயலின் தசையிலிருந்து முதல் கால்சியம் சேனலின் மரபணுவைப் படித்து முடித்திருந்தது. அம்லோடிபின் குடும்பத்து மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் புரதம் அதுவே. ஒரே நீளப் புரதச் சங்கிலி, செல் சவ்வை 24 முறை ஊசி நூல் போல ஏறி இறங்கித் தைக்கிறது. ஆறு ஆறாக நான்கு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் நான்காவது தையலில் நேர்மின் சுமை கொண்ட அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கும். மின்னழுத்தத்தை உணரும் கைப்பிடி அது. நான்கும் கூடும் நடுவில் துளை. சோடியமும் கால்சியமும் கிட்டத்தட்ட ஒரே பருமன், அதிலும் வெளியே சோடியம் பல மடங்கு அதிகம். பிறகு எப்படிக் கால்சியத்தை மட்டும் விடுகிறது? துளையின் கழுத்தில் நான்கு குளூட்டமேட்டுகள், எதிர்மின் சுமையோடு வட்டமாக நிற்கின்றன. இரட்டை நேர்மின் கொண்ட கால்சியத்தை அவை பிடித்துக்கொள்கின்றன, ஒற்றைச் சுமையுள்ள சோடியம் பின்தங்கிவிடுகிறது. இதை நிரூபித்த விதம்தான் பிரமாதம்: 1992-ல் நூமாவின் குழு சோடியம் சேனலின் கழுத்தில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றி குளூட்டமேட் வைத்தது. சோடியம் மதகு கால்சியம் மதகைப்போல நடக்க ஆரம்பித்துவிட்டது.

மனிதரிடம் இந்தப் பெரிய சங்கிலிக்கான மரபணுக்கள் மொத்தம் பத்து. எல் வகைக்கு நான்கு, பி மற்றும் க்யூவுக்குச் சேர்த்து ஒன்று, என்னுக்கு ஒன்று, ஆருக்கு ஒன்று, டிக்கு மூன்று. பி-யும் க்யூ-வும் ஒரே மரபணுவின் இரண்டு வேடங்கள் என்பது தெரிந்தபோது பெயர்ச் சண்டை ஒருவாறு அடங்கியது, 2000-ல் எண்களால் புதிய பெயர்களும் வைத்தார்கள். பெரிய சங்கிலிக்குத் துணையாக பீட்டா, ஆல்ஃபா-2-டெல்டா என்று கூடவே ஒட்டும் புரதங்கள் வேறு, ஒவ்வொன்றுக்கும் நான்கு மரபணு. சர்க்கரை நோயால் கால் எரிகிறது என்று போனால் எழுதித் தருகிறார்களே கபாபென்டின், பிரீகாபலின், அவை ஒட்டுவது இந்த ஆல்ஃபா-2-டெல்டாவில்தான். காபா என்ற மூளை வேதிப்பொருளைப்போல இருக்கட்டும் என்று வடிவமைத்த மருந்து, கடைசியில் காபாவை விட்டுவிட்டு இங்கே வந்து ஒட்டியது 1996-ல் தெரிந்தது.

இப்போது தாத்தாவுக்கு வரலாம். நியூரான் நுனியில் சேதி கொட்டும் வேலையைச் செய்வது பெரும்பாலும் என் வகையும் பி/க்யூ வகையும். அம்லோடிபின் அடைப்பது எல் வகையை. மூளையிலும் எல் வகை உண்டு, ஆனால் அது செல்லின் உடம்பிலும் கிளைகளிலும் உட்கார்ந்து, உட்கருவுக்குத் தகவல் கொடுத்து எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பதில் பங்கெடுக்கிறது. போதாக்குறைக்கு இந்த மருந்துக்கு மதகு திறந்து களைத்து முடங்கிய நிலை பிடிக்கும். ரத்தக் குழாய்த் தசை மெதுவாக, நீண்ட நேரம் இறுகியே இருப்பதால் அங்கே முடங்கிய மதகுகள் அதிகம். ரத்தக் குழாயில் இருக்கும் எல் வகையின் வார்ப்பும் கொஞ்சம் வேறு, அதில் மருந்து சுலபமாக ஒட்டும். அதனால் குழாய் தளர்கிறது, தாத்தா காபிக்குச் சண்டை போடுகிறார்.

'வார்ப்பு வேறு' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மரபணு பத்துதான். வார்ப்புகள் பத்தோடு நிற்பதில்லை. ஒரு மரபணு துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கும். துண்டுக்குப் பெயர் எக்ஸான். செல் அந்தத் துண்டுகளை ஆர்.என்.ஏ. நகலில் வெட்டி ஒட்டும்போது சிலதைச் சேர்க்கும், சிலதை விடும். ஒரே ஷூட்டிங்கை வைத்து இரண்டு எடிட்டர்கள் இரண்டு படம் எடுப்பது மாதிரி. என் வகை மரபணுவில் 37ஏ, 37பி என்று இரண்டு எக்ஸான்கள், எப்போதும் ஒன்றுதான் இடம்பெறும். மூளையில் பெரும்பாலும் 37பி. வலியை உணரும் நரம்புகளில் மட்டும் 37ஏ தூக்கலாக இருப்பதை டயான் லிப்ஸ்கோம்பின் குழு 2004-ல் காட்டியது. அதே இடம், அதே நீளம், சில அமினோ அமிலங்கள்தான் மாற்றம், ஆனால் 37ஏ வந்தால் மின்னோட்டம் பெரிதாகிறது. இது போதாதென்று வெட்டி ஒட்டியபிறகு ஆர்.என்.ஏ.வின் எழுத்தையே திருத்தும் வேலையும் நடக்கிறது. எல் வகைச் சேனல் ஒன்றில் அந்தத் திருத்தம் மூளையில் மட்டும் நடப்பதை சிங்கப்பூரின் டக் வா சூங் குழு 2012-ல் எழுதியது.

இத்தனை வகை எதற்கு என்று கேட்பவர்கள், ஒன்று கெட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தால் போதும். டி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு குழந்தை பேச்சின் நடுவே பத்து செகண்ட் வெறித்துப் பார்க்கிறது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்கிறது. டீச்சர் பகல் கனவு என்று திட்டுவார். அது ஒரு வகை வலிப்பு. மூளையின் நடுவே தாலமஸ் செல்களில் டி மதகுகள் தாளம் தட்டத் தொடங்கி, செகண்டுக்கு மூன்று முறை என்று மூளை முழுவதையும் அந்தத் தாளத்தில் பூட்டிவிடுகின்றன. எத்தோசக்சிமைடு என்ற பழைய மருந்து கேட்பது அதனால்தான். அதே குழந்தைக்கு எல் வகையை அடைத்துப் பயனில்லை. பி/க்யூ மரபணுவோ இன்னும் விசித்திரம், ஒரே மரபணுவில் பிழை விழும் விதத்தைப் பொறுத்து ஒருவருக்குக் கை கால் செயலிழக்கும் ஒற்றைத் தலைவலி, இன்னொருவருக்கு அவ்வப்போது வரும் தள்ளாட்டம், மூன்றாமவருக்கு நடுவயதில் மெல்லத் தேயும் சிறுமூளை.

குழந்தைகளின் உயிர் என்று மேலே சொன்னது டிமோதி சிண்ட்ரோம் பற்றி. யூட்டாவில் நோயாளிக் குடும்பங்களோடு நெருங்கிப் பழகி விவரம் சேகரித்த கேத்தரின் டிமோதியின் பெயர் அதற்கு. பிறக்கும்போதே விரல்கள் ஒட்டியிருக்கும், இதயத்துடிப்பின் மின்வட்டம் ஆபத்தான அளவு நீண்டிருக்கும், பிழைத்து வளர்ந்தால் ஆட்டிசம். 2004-ல் இகோர் ஸ்ப்லாவ்ஸ்கி, மார்க் கீட்டிங் குழு இதன் காரணத்தை வெளியிட்டபோது கணக்கிலிருந்த 17 குழந்தைகளில் 10 பேர் இறந்திருந்தார்கள், சராசரி வயது இரண்டரை. விரல், இதயம், மூளை மூன்றுக்கும் ஒரே காரணம்: எல் வகைச் சேனல் ஒன்றில், 406-வது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின். டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து. பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாத, புதிதாக விழுந்த எழுத்துப்பிழை. அதனால் மதகு திறக்கிறது, ஆனால் நேரத்துக்கு மூட மாட்டேன் என்கிறது.

அந்தப் பிழை உட்கார்ந்திருப்பது எக்ஸான் 8ஏ-யில். அதற்கு ஒரு இரட்டை உண்டு, எக்ஸான் 8. 37 கதைபோலவே ஏதாவது ஒன்றுதான் சேனலில் இடம்பெறும். வளர்ந்த இதயத்திலும் மூளையிலும் 8 தான் பெரும்பங்கு, 8ஏ சிறுபங்கு. அந்தச் சிறுபங்கும், அதிலும் இரண்டு நகலில் ஒன்று மட்டும் கெட்டிருப்பதும் ஒரு குழந்தையைச் சாய்க்கப் போதுமானதாக இருக்கிறது. பிழை 8-லேயே விழுந்த குழந்தைகளை 2005-ல் விவரித்தார்கள். அவர்களுக்கு விரல் ஒட்டவில்லை, இதயம் இன்னும் மோசம்.

தாத்தாவின் மாத்திரையைக் கொடுத்து அந்த மதகை அடைத்துவிடலாமே என்று தோன்றும். கெட்ட மதகு, நல்ல மதகு என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஸ்டான்ஃபோர்டில் செர்ஜியு பாஷ்கா வேறு வழியில் போனார். நோயாளிகளின் தோல் செல்லை எடுத்துப் பின்னோக்கித் திருப்பி, அதிலிருந்து நியூரான்களை வளர்த்து, அவற்றில் கால்சியம் அளவுக்கு மீறி ஏறுவதை 2011-ல் காட்டினார். 2017-ல், வளரும் மூளையில் இடம்பெயர்ந்து போக வேண்டிய ஒரு வகை நியூரான்கள் இந்நோயில் தத்தித் தத்தி நடந்து பின்தங்குவதைக் காட்டினார். பிறகு ஒரு எளிய யோசனை: கெட்டது 8ஏ. 8 நன்றாக இருக்கிறது. செல்லின் எடிட்டருக்கு 8ஏ கண்ணில் படாமல் மறைத்துவிட்டால்? 8-ஐ எடுத்து ஒட்டிவிடும், சேனல் நல்லதாக வரும். டி.என்.ஏ.வைத் தொடவே வேண்டாம்.

மறைப்பதற்கு ஆன்டிசென்ஸ் எனப்படும் செயற்கை நியூக்ளிக் அமிலத் துணுக்கு. முதுகுத்தண்டுத் தசை நோய்க்கு 2016-ல் அனுமதி பெற்ற நுசினெர்சென் இதே குடும்பம்தான், அதுவும் வெட்டி ஒட்டுவதைத்தான் மாற்றுகிறது, அதையும் முதுகுத்தண்டு நீரில்தான் செலுத்துகிறார்கள். பாஷ்கா குழுவின் கட்டுரை 2024 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது. நோயாளியின் செல்லிலிருந்து வளர்த்த மனித மூளைத் திசுவை எலிக்குட்டியின் மூளையில் பதியவைத்து, அது அங்கே வளர்ந்தபின் எலிக்கு அந்தத் துணுக்கை ஊசியாகப் போட்டார்கள். 8ஏ குறைந்தது, 8 ஏறியது. கால்சியம் ஓட்டம் ஒழுங்குக்கு வந்தது, நியூரானின் கிளைகளும் சீரடைந்தன. தட்டில் வளர்த்த திசுவில் பின்தங்கிய நியூரான்கள் மறுபடி ஒழுங்காக நகர்ந்தன.

எலிக்குள் இருந்த மனித நியூரான்கள் வரை வந்தாயிற்று என்பதே அந்தக் கட்டுரையின் கணக்கு. குழந்தைக்குப் போடும் முன் எவ்வளவு போடலாம், எந்த வயதில் போட்டால் பயன், வளர்ந்துவிட்ட மூளையில் எவ்வளவு மீட்க முடியும் என்ற கேள்விகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. முதுகுத்தண்டு நீரில் போடும் மருந்து இதயத்தைப் போய்க் காப்பாற்றும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அதற்கு அந்தக் குழந்தைகள் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையும் நெஞ்சில் பதித்த டிஃபிப்ரிலேட்டரும் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.